பெயரில்லாத ஃபோல்டர்

ஏப்ரல் 6

டாக்டரம்மாவுக்கு,

ஆய்வு முடியும் முன்பே உன்னை அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன்; இனி அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நான்தான், உங்கள் கல்லூரி வளாகத்துக்குள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்கா.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். போன ஜூனில் என் மேல் நீ கொடுத்த புகார்க் கடிதத்தில் இருந்தது. கல்லூரி அலுவலக ஆள் அதை மூன்று பிரதி எடுக்க என் கடைக்கே கொண்டுவந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, பக்கத்துல வேற கடை இல்ல" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஓர் எழுத்துகூட மங்காமல்தான் எடுத்துக் கொடுத்தேன். போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், போகவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் போல. அதனால்தான் கடிதம்.

போன வாரம் கடையில் கணினி படுத்துவிட்டது. பார்ப்பதற்கு ஒரு சர்வீஸ்காரப் பெண் வந்தாள். மேசையில் கிடந்த என் பென்டிரைவ் ஒன்றைச் செருகினாள். அது ஒரு வருடமாகக் காலியாகக் கிடப்பது. அவள் எங்கேயோ இரண்டு தட்டு தட்டினாள். என் தம்பி கல்யாணப் படங்கள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. "எதுவும் அழியலக்கா. மறைஞ்சுதான் இருந்துச்சு" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் பென்டிரைவ் இன்னும் இருக்கிறதா? இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதே. யாராவது ஃபார்மேட் பண்ணித் தருகிறேன் என்றால் கையில் கொடுக்காதே. உன் ஐந்து வருட உழைப்பு அதற்குள்ளேயே இருக்கலாம்.

ஜெராக்ஸ் அக்கா


ஏப்ரல் 17

ஜெராக்ஸ் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம் என்பதால் ஒருமுறை எழுதுகிறேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கே நாள் இருந்தபோது பென்டிரைவை உங்கள் கையில் கொடுத்தேன். மடிக்கணினி அதற்கு முந்தைய மாதமே செத்துப்போயிருந்தது. வேறு பிரதி கிடையாது என்று உங்களிடம் சொல்லித்தான் கொடுத்தேன். நீங்கள் செருகியதும் என் ஃபோல்டர்களுக்குப் பதிலாக வளைந்த அம்புக்குறி போட்ட ஒரு படம் மட்டும் வந்தது. நீங்கள் ஏதோ ஸ்கேன் செய்தீர்கள். "ஒண்ணுமில்லமா, க்ளீன் ஆயிடுச்சு" என்றீர்கள். ஆமாம், க்ளீனாகத்தான் ஆயிற்று. உள்ளே ஒரு கோப்பு இல்லை.

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் நான் கத்தியது தவறுதான். புகார் கொடுத்ததைத் தவறென்று சொல்லமாட்டேன். கல்லூரி உங்களைக் காலி செய்யச் சொன்னது கல்லூரியின் முடிவு.

இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்க்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் முதலில் சொல்வது இதைத்தான்: "அஞ்சு வருஷம் படிச்சத ஒரு கடைக்காரி அஞ்சு நிமிஷத்துல தொடச்சிட்டா." வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் தேநீர் கொண்டுவரப் போய்விடுவேன்.

பென்டிரைவ் அலமாரியில் கிடக்கிறது. அங்கேயே கிடக்கட்டும். ஓராண்டு கழித்து அதைத் தோண்டி எடுத்து உங்கள் பெயரைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால், அதற்கு என்னால் உதவ முடியாது. இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 25

டாக்டரம்மா,

எழுத வேண்டாம் என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். திட்டிக்கொள். பென்டிரைவ் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினாய் பார், எனக்கு அது போதும்.

சர்வீஸ்காரப் பெண்ணிடம் கேட்டு எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கணினி தன் சொந்த வேலைக்கென்று சில ஃபோல்டர்களை வைத்துக்கொள்கிறது. நாம் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்று அவற்றைக் கண்ணில் படாமல் வைத்திருக்கிறது. மெயின் ஸ்விட்ச் பெட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறோமே, அப்படி. இந்த வைரஸ் என்ன செய்கிறதென்றால், நம்முடைய ஃபோல்டரையும் பிடித்து "இதுவும் சிஸ்டத்துடையது" என்று முத்திரை குத்திவிடுகிறது. கணினியும் நம்பி மறைத்துவிடுகிறது. வைரஸ் வெளியே ஒரு போலி ஃபோல்டரை வைத்துவிடுகிறது. அதுதான் நீ பார்த்த அம்புக்குறி. நான் ஸ்கேன் செய்தபோது போலி போய்விட்டது. அது மறைத்தது மறைந்தபடியே இருந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு இது தெரியாது.

நீ செய்யவேண்டியது இதுதான். பென்டிரைவைச் செருகு. எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார். காலி என்று காட்டும் பென்டிரைவில் பாதி நிரம்பியிருந்தால் உன் கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன. பிறகு ஃபோல்டர் அமைப்புக்குள் போய், மறைந்தவற்றைக் காட்டச் சொல்லு. அதற்குக் கீழேயே சிஸ்டம் கோப்புகளை மறைத்து வைக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிடு. எல்லாரும் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்களாம். எடுக்கும்போது கணினி எச்சரிக்கும். பயப்படாதே.

'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்று ஒன்று தெரியும். அது வைரஸ் இல்லை, எல்லாப் பென்டிரைவிலும் இருப்பது. பெயரைப் பார்த்துவிட்டு அழிக்கப் போகாதே. நான் பயந்துபோய் அரைநாள் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பார்த்துவிட்டு ஒரு வரி போடு.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

நீங்கள் எழுதியபடி செய்ய முடியவில்லை. இருக்கும் ஒரே கணினி என் கணவருடைய அலுவலகக் கணினி. அதில் வைரஸ் ஏறினால் அவர் வேலைக்கு ஆபத்து. பள்ளிக் கணினியில் வெளிப் பென்டிரைவ் செருக அனுமதி இல்லை. கடைகளில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு, கிடைத்துத்தான் என்ன? கெடு முடிந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. என் நெறியாளர் "வருந்தாதே, வாழ்க்கை பெரிது" என்று அப்போதே எழுதிவிட்டார். எல்லாரும் மறந்துவிட்ட ஒன்றை நீங்கள் ஒருவர் மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. உங்களுக்குக் களைப்பாகவே இருக்காதா?


மே 16

டாக்டரம்மா,

இருக்கிறது. காலையில் கடையைத் திறக்கும்போதே மூடும் நேரத்தை நினைத்துக்கொள்கிற அளவுக்குக் களைப்பு. இப்போது கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். டயர் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் தையல் கடைக்கும் நடுவில். கதவை முழுக்கத் திறந்தால் வண்டிப் புகை, பாதி மூடினால் மெஷின் சூடு.

என் பெயரைச் சுத்தப்படுத்தப் பார்க்கிறேன் என்று எழுதினாய். அப்படியில்லை. சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும். நீ வருவதற்கு நான்கு நாள் முன்பே தெரியும். கணக்குப் பாடம் படிக்கிற பெண் ஒருத்தி வந்து, "அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல போட்டா என் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகுது, வைரஸ் இருக்கு" என்றாள். "உன் பென்டிரைவ்லேருந்துதான் எனக்கு வந்திருக்கும்" என்று அவள் வாயை அடைத்தேன். சுத்தம் செய்ய ஒரு நாள் கடையை மூட வேண்டும். அது எல்லாரும் ஆய்வேடு கொடுக்கிற வாரம். வரிசை படிக்கட்டு வரை நின்றது. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஓடினால் மெஷின் ஆமை மாதிரி நகர்கிறது என்று அதையும் நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். வாரம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்போது நீ வந்தாய். வேறு பிரதி இல்லை என்று சொன்னாய். அப்போதாவது "இங்க வேணாம்மா, வேற எடத்துல போடு" என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் நின்றவர்கள் காதில் விழுமே என்று வாயை மூடிக்கொண்டு செருகினேன்.

உன் புகார் முழுக்க உண்மை. நான்தான் கல்லூரியில் போய் "என் கடையில வைரஸே கிடையாது" என்று சத்தம் போட்டேன்.

பென்டிரைவை எனக்குத் தபாலில் அனுப்பு. தனியாக ஒரு கணினியைத் துடைத்து வைத்திருக்கிறேன், வேறு எதையும் அதில் போடுவதில்லை. அந்த ஐந்து வருடத்தை எடுத்து உன் கையில் கொடுத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.


ஜூன் 2

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். என் கணவர் வாங்கிப் படித்திருக்கிறார். "அவங்கதான் இவ்வளவு கேக்கறாங்களே, குடுத்துத்தான் பாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டேன். மறுநாள் அலமாரியில் பென்டிரைவ் இல்லை.

அது வந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள். அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். நீங்கள் வைரஸைப் பற்றி முன்பே தெரிந்திருந்தும் செருகினீர்கள் என்பதைக்கூட மன்னித்துவிடுகிறேன். திறக்க மட்டும் வேண்டாம்.


ஜூன் 4

டாக்டரம்மா,

கிடைத்துவிட்டது!

நேற்றுப் பார்சல் வந்தது. செருகியதும் பாதி நிரம்பியிருப்பதாகக் காட்டியது. உள்ளே பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர். பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. சர்வீஸ்காரப் பெண்ணைப் போனில் பிடித்தேன். "அதுதான்கா, எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளிவிட்டிருக்கும்" என்றாள். திறந்தேன். எல்லாம் அங்கே இருக்கிறது. ஒலிப்பதிவுகள் அறுபத்தொன்று. முதல் மூன்று அத்தியாயங்கள் முழுதாக, அட்டவணையோடு, அடிக்குறிப்போடு. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரே ஒரு ஒலிப்பதிவை மட்டும் போட்டேன். பின்னணியில் தையல் மெஷின் சத்தம். ஒரு பெண் பேசுகிறாள்: "பத்து மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்குப் போனா, உக்காரச் சொன்னாலும் உக்கார வரமாட்டேங்குதும்மா." உடனே நிறுத்திவிட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை.

ஒரு சிக்கல். நான்கு முதல் எட்டு வரை உள்ள அத்தியாயங்கள் திறக்கின்றன, ஆனால் தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே வெள்ளைத் தாள். வைரஸ் அவற்றை மட்டும் தின்றிருக்கிறது. கவலைப்படாதே. அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டிருக்கிறேன். கடையைச் சில நாள் மூடிவிட்டேன். இந்தத் தடவை வாரம் முடியட்டும் என்று விடப்போவதில்லை.

அக்கா


ஜூன் 19

டாக்டரம்மா,

நீ திறக்க வேண்டாம் என்று எழுதிய கடிதம் நான் திறந்து இரண்டு நாள் கழித்து வந்தது. என் கை பட்டாலே கெட்டுவிடும் என்ற பயம் உனக்கு. நியாயம்தான்.

ஐந்து அத்தியாயங்களும் இன்னும் கிடைக்கவில்லை. மென்பொருள் மூன்று முறை ஓடி முடித்துவிட்டது. பழைய குப்பையெல்லாம் வருகிறது: மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பேருந்து டிக்கெட்டின் படம், நீ பாதியில் விட்ட ஒரு விடுப்புக் கடிதம். அத்தியாயம் மட்டும் வரவில்லை. தரவு மீட்கிற பெரிய நிறுவனம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு நான்கு மணி நேரம் பேருந்தில் போனேன். பார்த்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுல அழிஞ்ச தடயமே இல்லையேம்மா" என்றார். அவருக்கு என்ன தெரியும், இன்னொரு இடத்தில் காட்டலாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

திரையையே பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. கடை இன்னும் திறக்கவில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "செத்துக்கித்து போயிட்டியான்னு பாக்க வந்தேன்" என்றார்.

இருநூறு பக்கமாவது இருந்திருக்கும், இல்லையா? என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.


ஜூன் 26

அக்கா,

தேடாதீர்கள். நிறுத்திவிடுங்கள். அந்த அத்தியாயங்கள் இல்லை. வைரஸ் தின்னவில்லை. நான் எழுதவே இல்லை.

மூன்று அத்தியாயம்தான் எழுதினேன். அதற்கே நான்கு வருடம். பிறகு, தையல் தொழிற்சாலைப் பெண்கள் பேசியதைக் கேட்டு எழுத உட்காருவேன். ஒருத்தி தன் முழங்காலைப் பற்றிச் சொல்வாள். அதை என் துறையின் மொழியில் ஒரு வாக்கியமாக மாற்றுவேன். மாற்றியதும் அவள் சொன்னது அதில் இருக்காது. அழித்துவிடுவேன். இப்படியே ஒரு வருடம் போயிற்று. நெறியாளரிடம் "முடிஞ்சிருச்சு சார், திருத்தம் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டிலும் அதையேதான் சொன்னேன்.

அன்றைக்கு உங்கள் கடைக்கு, மூன்று அத்தியாயத்தை மட்டும் அச்சிட்டு, நெறியாளர் காலில் விழுந்து, இன்னும் கொஞ்சம் நாள் கேட்கலாம் என்றுதான் வந்தேன். வரிசையில் நிற்க நிற்க அதற்கும் துணிச்சல் போய்விட்டது. அப்போது நீங்கள் திரையைத் திருப்பிக் காட்டினீர்கள். காலி. எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்துதான் அத்தனை சத்தம் போட்டேன். புகாரில் 'எட்டு அத்தியாயங்கள்' என்று எழுதினேன். உங்கள் கடை போனது என்று தோழி சொன்னபோது, "அவங்க செஞ்சதுக்கு அனுபவிக்கிறாங்க" என்றேன். பிறகு அதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் முன்னால் வைத்துவிட்டு, உண்மையைச் சொன்னேன். மாமியாரும் இருந்தார். எழுந்து கை கழுவப் போய்விட்டார். கணவர் மட்டும் "தெரியும்" என்றார். எப்படி என்று கேட்டேன்.

"நெசமாவே போயிருந்தா நீ அன்னைக்கு அழுதிருப்ப. நீ வந்து தூங்கின. ரெண்டு வருஷத்துல நீ அப்படித் தூங்கி நான் பாத்ததில்ல."

அதனால்தான் பென்டிரைவை உங்களுக்குத் தபாலில் போட்டாராம்.

உங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. கடையைத் திறங்கள்.


ஜூலை 8

ஐந்து அத்தியாயமும் எழுதாதவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மென்பொருளை நிறுத்தினேன். அப்போது அது நான்காவது முறையாக ஓடிக்கொண்டிருந்தது.

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? கிட்டத்தட்ட ஒரு மாதம் கடையை மூடிவிட்டு, இல்லாததைத் தேடியிருக்கிறேன். அந்த நிறுவனத்துக்காரர் ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்று இப்போது புரிகிறது. நாலு நாள் உனக்குப் பதில் போடவே கூடாது என்றிருந்தேன். பிறகு யோசித்தேன். நீ போட்ட சத்தம் நடிப்பு. நான் "வைரஸே கிடையாது" என்று போட்ட சத்தமும் நடிப்பு. நல்ல ஜோடி.

புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று கிளம்பிவிடாதே. வைரஸ் இருந்தது உண்மை. அதன் வழியாக எத்தனை பேர் கோப்பு மறைந்ததோ எனக்குத் தெரியாது. கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: 'சென்ற ஆண்டு ஜூனில் கல்லூரி வளாகக் கடையில் அச்சிட்டவர்கள், பென்டிரைவ் காலியாகிவிட்டதாக நினைத்தால் கொண்டுவாருங்கள். மீட்டுத் தருகிறேன்.' கல்லூரி வாசல் மரத்திலும் ஒன்று. இதுவரை ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கணக்குப் பாடப் பெண்ணும் வந்தாள். பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டு, நான் பார்த்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீ 'எட்டு' என்று எழுதியதை மட்டும் 'மூன்று' என்று திருத்திக் கல்லூரிக்கு எழுது. அது உன் கடமை. மற்றது என்னுடையது.

உன் பென்டிரைவை இத்துடன் அனுப்புகிறேன். சுத்தமாக இருக்கிறது, எதுவும் மறைந்திருக்கவில்லை. பெயரில்லாத ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். அறுபத்தொரு பெண்கள் உன்னை நம்பிப் பேசியிருக்கிறார்கள். அவர்களிடம் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கமாட்டேன்.


ஆகஸ்ட் 19

அக்கா,

கல்லூரிக்கு எழுதிவிட்டேன். நெறியாளரிடமும் சொன்னேன். "பதிவு காலாவதியாயிடுச்சு, திரும்ப முதல்லேருந்துதான்" என்றார். மீண்டும் பதிவு செய்வேனா என்று இன்னும் தெரியாது. மாமியார் இப்போது விருந்தினர்களிடம் என் படிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தேநீரை அவரே கொண்டுவருகிறார்.

பள்ளி விட்டதும், பதிவேடுகள் வைக்கும் அறையில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். கணவர் போனில் ஏற்றித் தந்த ஒலிப்பதிவைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன், என் வாக்கியமாக மாற்றாமல். கணினியின் முன் உட்கார்ந்தால் பழைய பயம் வருகிறது. அதனால் கையால் எழுதுகிறேன். நான்காம் அத்தியாயம் முடிந்துவிட்டது. ஆய்வேட்டுக்கு ஆகுமா என்று தெரியாது, ஆனால் முடிந்துவிட்டது. இருபத்தாறு பக்கம். இத்துடன் வைத்திருக்கிறேன். தட்டச்சு செய்து தருவீர்களா?


ஆகஸ்ட் 28

டாக்டரம்மா,

தாள்கள் வந்தன. இரண்டு நாளாகத் தட்டச்சு செய்கிறேன். இடையில் ஆள் வந்தால் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்காருகிறேன். எனக்கும் நின்றே பழக்கம் என்பதால் உன் பெண்கள் சொல்வது சட்டென்று புரிகிறது. ஆனால் உன் கையெழுத்து இருக்கிறதே, அது வைரஸைவிட மோசம்.

பதினோராம் பக்கத்தில், இஸ்திரி போடுகிற அம்மா பேசும் இடத்தில், நாலாவது வரி. "வீட்டுக்குப் போற வலி தெரியும், வேலைக்கு வர்ற வலியும் தெரியும்" என்று எழுதியிருக்கிறாயா, அல்லது இரண்டும் 'வழி'யா? உன் ழ-வுக்கு வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாடி போட்டும் பார்த்தேன். இரண்டும் பொருந்துகிறது.

ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு எது என்று எழுது. நானாக ஒன்றைப் போடமாட்டேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகிறேன்.

அக்கா